முதல் முட்டை தாமதமான ஒன்பது கோழிகள்: திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டில் டிசம்பர் முதல் ஆகஸ்ட் வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன். வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். நானும் அதே ஊர்க்காரன், பல வருடமாகக் கோழி வளர்க்கிறவன். மார்ச் மாதத்திலிருந்து வாரம் ஒரு தடவையாவது அங்கே போயிருக்கிறேன். தேதியும் கணக்கும் அந்த வீட்டு மருமகள் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் எழுதி வைத்தவை.

வீடும் கோழிகளும்

பத்து சென்ட் இடம். மாமியார், மருமகள், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மகனுக்கு வளைகுடாவில் வேலை. மூன்று வருடத்துக்கு முன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினார்கள். பின்பக்கம் நின்ற ஒரு பலாவும் இரண்டு அயனி மரமும் அப்போது கதவுக்கும் ஜன்னலுக்குமாகப் போய்விட்டன. மிச்சம் மூன்று தென்னை. சுற்றிலும் ஆறடி உயரத்துக்கு ஹாலோபிளாக் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் மூத்தார் (கணவரின் அண்ணன்) குடும்பத்து விளை, அதாவது மரத்தோட்டம். அதில் பெரிய கொல்லாமரம் (முந்திரி) ஒன்றும் மாமரம் இரண்டும் உண்டு.

டிசம்பர் 10ஆம் தேதி, 45 நாள் வளர்ந்தவை என்று சொல்லி விற்ற 12 கிராமப்பிரியா குஞ்சுகளை வாங்கினார்கள். இது ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய இனம். வீட்டுப் பின்புறத்தில் மேயவிட்டு முட்டைக்கு வளர்ப்பதற்கானது. நல்ல பராமரிப்பில் ஏறத்தாழ 160 நாளை ஒட்டி முட்டையிடத் தொடங்கும். தனி நாட்டுக்கோழி என்றால் ஆறேழு மாதம் ஆகும். விற்றவர் "அஞ்சு மாசத்துல முட்டை" என்று சொல்லியிருந்தார். அதை வைத்து மருமகள் ஏப்ரல் முதல் வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். முதல் முட்டையைக் கோயிலுக்குக் கொடுப்பதாக மாமியார் நேர்ந்திருந்தார்.

எல்லாம் பெட்டை என்று வாங்கியதில் இரண்டு சேவல் என்று பிப்ரவரியில் தெரிந்தது. அதே மாதம் ஒரு பெட்டையைப் பட்டப்பகலில் பருந்து தூக்கிக்கொண்டு போனது. ஓடி ஒளிய அந்த முற்றத்தில் ஒரு செடிகூட இல்லை. மீதி ஒன்பது பெட்டை, இரண்டு சேவல்.

மார்ச்: வாயைப் பிளந்து நின்ற கோழிகள்

மார்ச் 12ஆம் தேதி மருமகள் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, கோழி தீனியே எடுக்க மாட்டேங்குது, எச்சம் தண்ணியா போகுது, வந்து ஒரு தடவ பாருங்க" என்றார். போனபோது மதியம் இரண்டு மணி இருக்கும்.

கூடு மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. எட்டடிக்கு ஆறடி, மேலே தகர ஷீட், உயரம் நாலரை அடிதான். காலை முழுக்கக் காய்ந்த தகரம், மதியத்துக்கு மேல் சுவரின் வெக்கையும் சேர்ந்துகொள்ளும். உள்ளே வெப்பமானியை வைத்தேன்: 39 டிகிரி. அதே வெப்பமானியைப் பக்கத்து விளையில் கொல்லாமரத்தடியில் பத்து நிமிடம் வைத்தபோது 32. நடுவில் ஒரு சுவர்தான்.

கோழிகள் கூட்டுக்குள் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் தூண் நிழலில், ஒரு முழ அகலம்கூட இருக்காது, பதினொன்றும் நெருக்கியடித்து நின்றன. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன. ஒன்றின் தொண்டை துடிப்பதை எட்ட நின்றே எண்ண முடிந்தது. தீவனத் தட்டில் காலையில் போட்டது பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. தண்ணீர் வெயிலில் சுட்டுக் கிடந்தது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரியைத் தொட்டு நிற்கும். இளைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் அது குளிர்ந்தாக வேண்டும். நம் பக்கம் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இளைப்பதும் பாதிப் பலன்தான் தரும். சூட்டில் இருக்கும் கோழி முதலில் செய்வது தீனியைக் குறைப்பது. வளரும் பெட்டை தீனியைக் குறைத்தால் உடல் எடை ஏறாது, எடை ஏறாவிட்டால் முட்டைக்குத் தயாராவதும் தள்ளிப்போகும். ஒன்பதில் ஒன்றுக்கும் கொண்டை சிவக்கத் தொடங்கவில்லை. எல்லாம் வெளிறிய ரோஜா நிறம்.

இன்னொன்றும் கவனித்தேன். சீக்கிரம் முட்டை வரட்டும் என்று, தீவனக் கடையில் சொன்னதை நம்பி, பன்னிரண்டு வாரத்திலேயே முட்டைக்கோழித் தீவனமும் கால்சியம் டானிக்கும் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் வரை கால்சியம் இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். மிச்சத்தை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். தண்ணீர் எச்சத்துக்கு வெயிலும் காரணம், இதுவும் காரணம் என்று நினைத்தேன். மற்றபடி நோயின் அறிகுறி எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி பிப்ரவரி முகாமில் போட்டாயிற்று.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

முதல் முடிவு எளிது: டானிக்கை நிறுத்துவது, கொண்டை சிவக்கும்வரை வளர்கோழித் தீவனத்துக்குத் திரும்புவது, தீனியை விடியற்காலையும் மாலை நான்கரைக்கு மேலும் மட்டும் போடுவது, தண்ணீரை மண்சட்டிக்கு மாற்றி நிழலில் வைப்பது. அன்றைக்கே செய்தார்கள்.

நிழல் விஷயத்தில் பேச்சு நீண்டது. மகன் போனில், பச்சை வலை வாங்கிக் கட்டலாம், பணம் அனுப்புகிறேன் என்றார். அது தவறில்லை, ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வலை வெயிலைத் தடுக்கும், காற்றைக் குளிர்விக்காது. மரத்தின் இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் அதன் அடியில் சூடே வேறு. அதோடு கோழி வெட்டவெளிப் பறவை இல்லை. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் சரி, பேச்சிப்பாறைப் பக்கக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியும் சரி, புதருக்கு அடியில் சருகைக் கிளறி வாழ்பவை. தலைக்கு மேல் கிளை இருந்தால்தான் அது பயமில்லாமல் மேயும். பருந்து தூக்கிய வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உடனடி நிழலுக்குத் தகரத்தின் மேல் அரையடி இடைவெளி விட்டு, கமுகு வாரிகளின் மேல் முடைந்த ஓலை வேய்ந்தோம். அந்த இடைவெளிதான் முக்கியம். ஓலை தகரத்தில் ஒட்டிக் கிடந்தால் காற்று ஓடாது. மூன்று நாள் கழித்து அதே இரண்டு மணிக்குப் பார்த்தபோது கூட்டுக்குள் 35. இது போதாது என்று அப்போதே தெரிந்தது.

சில மாத நிழலுக்கு மேற்குப் பக்கம் முருங்கைக் கம்பு நான்கு, அகத்தி, இரண்டு பப்பாளி, ஆறு வாழை. ஓலைக்கூரையில் ஏறுவதற்குக் கோவைக்கொடி. சீக்கிரம் வளரும் என்று மாமியாரின் தம்பி ஆமணக்கு விதை கொண்டுவந்தார். அதன் விதை கோழிக்கும் நஞ்சு, பிள்ளைகளுக்கும் நஞ்சு, வேண்டாம் என்றேன். முன்வாசல் சுவரோரம் பூவுக்காக நின்ற அரளியையும் அதே காரணத்துக்காக எடுக்கச் சொன்னேன். கோழிகள் அதன் அடியில்தான் மண் குளித்துக்கொண்டிருந்தன. மாமியாருக்கு வருத்தம்தான், ஆனால் எடுத்துவிட்டார். நீண்ட கால நிழலுக்கு, வெட்டிய பலா நின்ற இடத்திலேயே ஒரு பலாக்கன்று.

கோழி இருக்கும் இடத்தில் கன்று நட்டால் இரண்டே நாளில் வேரைக் கிளறிப் போட்டுவிடும். அதற்கு மாமியார் செய்ததை நான் என் வீட்டிலும் பின்பற்றத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கதம்பையை (தேங்காய் மட்டையை) குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு வரிசை நெருக்கமாகப் பதித்து, இடுக்கில் உடைந்த கூரை ஓட்டுத் துண்டைச் செருகினார். கோழி கால் வைத்துக் கிளறிப் பார்க்கும், கதம்பை அசையாது. ஊற்றிய தண்ணீரைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். நட்டதில் ஒரு பப்பாளி மட்டும் பட்டுப்போனது.

ஆனால் இதெல்லாம் நிழல் தர மாதங்கள் ஆகும், கோழிக்கு வெயில் இன்றைக்கு. சுவருக்கு அப்பால் வளர்ந்த மரங்கள் நிற்கின்றன. ஏப்ரல் 3ஆம் தேதி, அந்த விளை வீட்டுப் பெரியம்மையிடம் கேட்டு, சுவரின் அடிவரிசையில் இரண்டு கல்லை எடுத்துவிட்டு ஒரு வழி திறந்தோம். "கோழி வந்து சருகக் கிளறிட்டுப் போகட்டு, எனக்கென்ன" என்றார் பெரியம்மை. முதல் நாள் எந்தக் கோழியும் அந்த ஓட்டைக்குள் போகவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் கொஞ்சம் தேங்காய்த் துருவலைத் தூவினோம். ஒரு சேவல் போனது, பின்னாலேயே எல்லாம் போய்விட்டன. அன்றிலிருந்து வெயில் ஏறினால் கொல்லாமரத்தடி, வெயில் தாழ்ந்தால் வீடு.

காத்திருப்பு

ஒரு வாரத்தில் தீவனத் தட்டு காலியாகத் தொடங்கியது. ஏப்ரல் 20ஐ ஒட்டி இரண்டு பெட்டைக்குக் கொண்டை சிவந்தது. மாதக் கடைசியில் ஐந்தாறு கோழிகள் நல்ல சிவப்பு. மேலே கையைக் கொண்டுபோனால் இறக்கையை விரித்துப் பதுங்கின. சேவலுக்கு இணங்கும் பருவம் வந்ததன் அடையாளம் அது. அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முட்டையை எதிர்பார்க்கலாம். தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டைக்கோழித் தீவனமாக மாற்றச் சொன்னேன். கூட்டுக்குள் இரண்டு பிளாஸ்டிக் கூடையில் வைக்கோல் போட்டு வைத்தார்கள்.

மே முதல் வாரம் போயிற்று, இரண்டாம் வாரமும் போயிற்று, கூடை காலி. காலண்டரில் வட்டம் போட்ட நாள் கழிந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. தீவனச் செலவை எழுதிக்கொண்டு வந்த மருமகளுக்கு அது ஒரு மனச்சுமை. கணவரிடம் கேட்டு வாங்கிய பணம் அது. மாமியார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "மலட்டுக் கோழியாக்கும் மக்களே, ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவான், மூணெண்ணத்தக் குடுத்திருவோம்" என்றார்.

என்னிடமும் ஒரு தவறு இருந்தது. கொண்டை சிவந்த பிறகு ஒரு கோழியைக்கூடக் கையில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, நாள் ஆகட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மே 16ஆம் தேதி அந்தி நேரம், கூட்டில் அடைந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். எச்சத்துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்புகளுக்கு நடுவே, முட்டையிடாத பெட்டைக்கு ஒரு விரல்தான் நுழையும். இங்கே நான்கு கோழிக்கு இரண்டரை, மூன்று விரல். துவாரமும் வட்டமாக உலர்ந்து இல்லாமல் அகன்று ஈரமாக இருந்தது. விற்பதற்கென்று மாமியார் காட்டிய மூன்றில் இரண்டு இந்த நான்கில் இருந்தன. இவை இனிமேல் முட்டையிடப்போகும் கோழிகள் அல்ல, ஏற்கெனவே இட்டுக்கொண்டிருப்பவை.

கொல்லாமரத்தடி

மறுநாள் காலை வழியைத் திறந்துவிட்டு, மருமகளும் நானும் பேசாமல் மாடிப்படியில் உட்கார்ந்தோம். ஒன்பதரை மணி இருக்கும். ஒரு பெட்டை கூட்டத்திலிருந்து விலகி, நின்று நின்று பார்த்து, விளைக்குள் போனது. கொல்லாமரத்துக்குப் பின்னால் பெரியம்மை வீட்டுப் பழைய ஓலையும் காய்ந்த தென்னம்பாளைக் கொதும்பும் அடுக்கிக் கிடந்தன. அதன் அடியில் நுழைந்தது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, முட்டையிட்ட கோழி கத்துவதுபோல் கேறியது. சேவலும் சேர்ந்துகொண்டது. இந்தக் கேறல் வீட்டுக்கு அன்றாடம் கேட்டுத்தான் இருக்கிறது. பெரியம்மை வீட்டுக் கோழி என்று நினைத்திருக்கிறார்கள். அங்கேயும் நாலைந்து கோழி உண்டு.

ஓலையைத் தூக்கினால், சருகில் குழித்த கூட்டில் பதினேழு முட்டை. சின்னதும் பெரிதுமாக, இளம்பழுப்பு. மேலே இருந்த ஒன்று இன்னும் சூடாக இருந்தது. தொட்டுப் பார்த்த மருமகள் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பதினேழையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். புதியவை ஐந்து படுத்துக் கிடந்தன, கொஞ்சம் பழையவை எட்டு நிமிர்ந்து நின்றன, மிதந்த நான்கை ஒதுக்கிவிட்டோம். சேவல் இருக்கும் இடத்தில், நம் பக்கத்துச் சூட்டில் கிடந்த பழைய முட்டையில் கரு தொடங்கியிருக்கும் என்பதால் நிமிர்ந்து நின்றவற்றையும் இரவில் டார்ச் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். ஐந்தில் இரத்த நரம்பு தெரிந்தது. ஆக மொத்தம் சாப்பிட எட்டு. எது முதல் முட்டை என்று இனி யாரும் சொல்ல முடியாது. சூடாக இருந்ததைத்தான் மாமியார் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனார். வியாபாரியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

ஏன் அங்கே இட்டன என்பதற்குக் காரணம் எளிது. முட்டையிடும் கோழிக்கு வேண்டியது இருட்டு, மறைவு, குளிர்ச்சி. கூட்டில் வைத்த பிளாஸ்டிக் கூடை வெளிச்சத்தில், தகரத்தடியில் இருந்தது. நாம் நிழலைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு முட்டைக்கூடையை இந்தப் பக்கம் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு

இரண்டு பனையோலைக் கடவங்களை (பெரிய பெட்டிகளை) கூட்டின் கிழக்கு மூலையில், ஒன்றரை அடி உயரத்தில், முன்னால் சாக்குத் தொங்கவிட்டு வைத்தோம். உள்ளே தென்னையின் சில்லாட்டையும் (வலைபோன்ற நார்) வைக்கோலும். ஒவ்வொன்றிலும் கடற்கரையிலிருந்து எடுத்த வெள்ளை உருண்டைக் கல் ஒன்று, பொய்முட்டையாக. பெரும்பாலான கோழிகள் காலையிலேயே முட்டையிட்டுவிடும் என்பதால் சுவர் வழியைப் பதினொரு மணிக்கு மேல்தான் திறப்பது என்று வைத்தோம். மூன்றாம் நாள் கடவத்தில் முதல் முட்டை. ஒரு கோழி மட்டும் இரண்டு வாரம் வரை பதினொரு மணிக்காகக் காத்திருந்து, வழி திறந்ததும் ஓலைக்குவியலுக்கே ஓடியது. அந்தக் குவியலைப் பெரியம்மை பிரித்துப்போட்ட பிறகுதான் அதுவும் கடவத்துக்கு வந்தது.

தொடக்கத்தில் மூன்று தோல்முட்டை, அதாவது ஓடில்லாத முட்டை, வந்தது. கோழிக்குள் ஒரு முட்டை முழுதாக உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகும், அதுவும் பெரும்பாலும் இரவில். அதனால் குளச்சலிலிருந்து சமையலுக்கு வாங்கிய சிப்பியின் ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அம்மியில் நொறுக்கி, மாலையில் தனிச் சிரட்டையில் வைத்தார்கள். வேண்டிய கோழி எடுத்துக்கொள்ளும். ஜூன் தொடக்கத்துக்குப் பிறகு தோல்முட்டை வரவில்லை. விளக்குப் போட வேண்டுமா என்று மகன் கேட்டார். குமரியில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், வீட்டுத் தேவைக்கு அது வேண்டாம் என்றேன்.

ஜூன் நடுவில் ஏழு கோழி இட்டுக்கொண்டிருந்தன. அதற்குள் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டது. இப்போது நிழலே தொல்லையானது. கொல்லாமரத்தடி சருகு பத்து நாளாகக் காயவில்லை. கோழிகள் மண்புழுவைத் தேடி அங்கேயே நின்றன. இரண்டு கோழி மெலிந்தன, ஒன்றின் எச்சத்தில் புழு தெரிந்தது. கால்நடை மருந்தகத்தில் எச்சத்தைக் காட்டி, குடற்புழு மருந்து வாங்கி எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டோம், சருகை வாரினோம், மழை நாளில் வழியை அடைத்துவைத்தோம். ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் விளையில் தங்கிவிட்ட ஒரு பெட்டையைக் கீரி கொன்றுவிட்டது. இன்னும் முட்டையிடாத இரண்டில் அது ஒன்று. மற்றது ஜூலைக் கடைசியில் தொடங்கியது.

ஆகஸ்டில் எட்டுக் கோழி, நாளுக்கு ஐந்து முட்டை வரை. முருங்கை மேற்குச் சுவருக்கு மேல் தழைத்துவிட்டது. வாழையில் இரண்டு மே மாதக் காற்றில் ஒடிந்தன. கோவைக்கொடி கூரையை முழுக்க மூடியிருந்தது.

மறுபடி செய்தால்

முட்டைக் கடவத்தை நிழலுக்கு முன்பே வைத்திருப்பேன். பெட்டைக்குப் பதினெட்டு வாரம் ஆனதும், கொண்டை சிவக்கக் காத்திராமல், முட்டையிட இருட்டான இடம் தயாராக இருக்க வேண்டும். சுவர் வழியைத் தொடக்கத்திலிருந்தே மதியத்துக்கு மட்டும் திறந்திருப்பேன். வாரம் ஒரு முறை அந்தியில் கோழியைப் பிடித்து விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாததால் மூன்று கோழி இறைச்சிக்குப் போயிருக்கும்.

முட்டை ஒரு மாதம் தாமதமானதில் வெயிலின் பங்கு எவ்வளவு, தீவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றத் தொடங்கினோம். ஆனால் வெயிலுக்கு வழி செய்யாமல் தீவனத்தை மட்டும் சரிசெய்திருந்தால், தட்டில் போட்டதை அந்தக் கோழிகள் தின்றிருக்காது. மார்ச்சில் நட்டது எல்லாம் தினமும் தண்ணீர் கேட்டது. ஐப்பசி மழைக்கு முன்பே முருங்கையையும் அகத்தியையும் நட்டு, டிசம்பரில் குஞ்சு வாங்கியிருந்தால் இந்தப் பாடு பாதியாக இருந்திருக்கும்.

பெரியம்மைக்கு வாரம் ஆறு முட்டை போகிறது. அவர் கேட்கவில்லை, மாமியார்தான் கொடுத்தனுப்புகிறார். சுவரில் எடுத்த இரண்டு கல்லுக்குப் பதில் இப்போது சின்ன மரக்கதவு இருக்கிறது, அந்தியானதும் பிள்ளைகளில் ஒருவர் போய் எட்டுப் பெட்டையையும் எண்ணிவிட்டுக் கொக்கி போடுகிறார். பலாக்கன்று இடுப்பளவு வந்துவிட்டது, கதம்பையை இன்னும் எடுக்கவில்லை.